உலையில்லாத பட்டறைகள்

‘பட்டறை’ என்ற சொல்லுக்கு நம் காலத்தில் நேர்ந்திருக்கும் கதி பரிதாபத்துக்குரியது. கொல்லன் பட்டறை என்றால் அங்கே உலை இருக்கும், துருத்தி இருக்கும், பட்டடைக் கல்லின் மேல் சிவக்கக் காய்ச்சிய இரும்பு இருக்கும், குறடு பிடிப்பவன் ஒருவன், சம்மட்டி ஓங்குபவன் ஒருவன் என ஆட்கள் இருப்பார்கள். புதிதாக வந்து சேர்ந்த பையன் முதலில் துருத்தி ஊதுவான். பிறகு சம்மட்டி பிடிப்பான். உள்ளங்கை காய்த்துப்போன பின்னர் ஒரு நாள் தானே ஓர் அரிவாளை அடித்து முடிப்பான். அங்கே நாற்காலியில் அமர்ந்து, இரும்பின் இன்றைய நிலையைப் பற்றிய பிரசங்கம் ஒன்றைக் கேட்டுவிட்டு எழுந்து போனவன் எவனும் கொல்லனானதாக வரலாறு இல்லை.

இப்பொழுது ‘பயிற்சிப் பட்டறை’ என்று அச்சடித்து வரும் அழைப்பிதழ்களை வாசக அன்பர்கள் சற்று எடுத்துப் பார்க்க வேண்டும். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை. நடுவே பொன்னாடை, நினைவுப் பரிசு, பகலுணவு. மாலையில் எல்லோருக்கும் ஒரு சான்றிதழ். அன்று முழுவதும் அந்த மண்டபத்தில் ஏதேனும் ஒரு கருவியைக் கையால் தொட்டு வேலை செய்தவர் ஒருவர் உண்டென்றால், அவர் ஒலிபெருக்கிக்காரராகத்தான் இருப்பார்.

பல துறைகளில் இது நகைத்துவிட்டுப் போகக்கூடிய விஷயம். கணினிக்கு நிரல் எழுதிப் பிழைக்கும் தொழிலிலோ இது சோற்றுப் பிரச்னையாகிவிட்டது. 2025 ஜூலை மாதத்தில் டாட்டா கன்சல்டன்ஸி என்ற பெருநிறுவனம் தன் ஊழியர்களில் நூற்றுக்கு இரண்டு பேரை, அதாவது சுமார் 12,000 பேரை, விலக்கப்போவதாக அறிவித்தது. விலக்கப்படுவோரில் பெரும்பாலோர் நடுத்தர, மேல் படிகளில் உள்ளவர்கள் என்றும் சொல்லப்பட்டது. இயந்திரம் வந்து ஆட்களின் வேலையைப் பறித்ததனால் அன்று, தேவைப்படும் திறமைக்கும் இருக்கும் திறமைக்கும் பொருத்தம் இல்லாததனால்தான் இந்த முடிவு என்பது அந்நிறுவனத்தின் தலைவர் கூறிய விளக்கம். அந்த விளக்கத்தை நாம் முழுமையாக ஏற்க வேண்டியதில்லை. லாபம் குறையும்போது ஆள் குறைப்பதும், அதற்கு ஆள்மேலேயே பழியைப் போடுவதும் முதலாளிகளுக்குப் புதிய வித்தையல்ல. ஆயினும் அதில் அடங்கியிருக்கும் ஓர் உண்மையை நாம் தள்ளிவிட முடியாது. பத்து அல்லது பதினைந்து வருஷம் ஒரே தொழிலில் உழைத்த ஒருவனுடைய கைத்திறமை பழசாகிப் போயிற்று என்றால், அந்தப் பதினைந்து வருஷமும் அவனுக்குக் கைத்திறமையைப் புதுப்பித்துக்கொள்ள இடம் கொடுத்தவர் யார்?

வேலைக்குச் சேரும்போது கொடுக்கும் பயிற்சியைப் பற்றி நாம் குறை கூறவில்லை. மைசூரில் இன்போசிஸ் நிறுவனம் கட்டியிருக்கும் பயிற்சி நகரம் உலகப் பிரசித்தமானது. நமது ராஜ்ய சர்க்காரும் 2022 மார்ச் முதல் தேதியன்று ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கி, மாணவர்களுக்குத் தொழில் அறிவு புகட்டி வருகிறது. இவையெல்லாம் வாயிற்படியில் நடக்கும் காரியங்கள். வாயிலைக் கடந்து உள்ளே போனவனுக்கு என்ன ஏற்பாடு? வருஷத்தில் இத்தனை மணி நேரம் படம் பார்த்து, கடைசியில் வரும் பத்துக் கேள்விகளுக்கு விடை குறித்துவிட்டால் பயிற்சி முடிந்தது என்ற கணக்கு ஒன்று பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். படம் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்க, ஊழியன் மற்றொரு மூலையில் அன்றைய வேலையை முடித்துக்கொண்டிருப்பான். இது பயிற்சி அன்று, கணக்குக் காட்டுதல்.

மென்பொருள் தொழிலின் இயல்பை அறியாதவர்கள், அது புத்தகப் படிப்பு என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது தச்சு வேலையைப் போன்ற கைவேலை. மரத்துக்குப் பதில் தர்க்கம், உளிக்குப் பதில் விசைப்பலகை, அவ்வளவே வித்தியாசம். ஓர் உதாரணம் கூறுகிறோம். நகைக் கடனுக்கு வட்டி கணக்கிட ஒரு நிரல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வாயால் சொன்னால் போதும், இன்றுள்ள செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒரு நிமிஷத்தில் அதை எழுதித் தந்துவிடும். பார்க்க அழகாகவே இருக்கும். முந்நூறு பேருடைய கணக்கைக் கொடுத்தால் முந்நூறும் சரியாக வரும். ஆனால் 2024 பிப்ரவரி 29-ந் தேதி நகையை அடகு வைத்த ஒருவருக்கு ஓராண்டுத் தவணை என்று முடிகிறது? 2025-ல் பிப்ரவரி 29 என்ற தேதியே கிடையாது. ‘அதே தேதி, அடுத்த வருஷம்’ என்று எழுதப்பட்ட நிரல் அந்த இடத்தில் அப்படியே விழுந்துவிடும்; அல்லது விழாமல் தவறான வட்டியைப் போட்டுவிட்டு மௌனமாக மேலே போய்விடும். இரண்டாவதே அபாயகரமானது. இந்தத் தவறு எங்கே ஒளிந்திருக்கும் என்று மோப்பம் பிடிப்பதுதான் தொழில் தெரிந்தவனுடைய திறமை. அதைச் சொற்பொழிவு கேட்டு எவனும் பெற்றதில்லை. தவறான நிரலைக் கையில் வாங்கி, உடைத்து, சோதனை எழுதி, மறுபடியும் உடைத்து, பக்கத்தில் இருப்பவன் “அந்தத் தேதியைப் போட்டுப் பார்த்தீரா?” என்று கேட்கும்போது வெட்கப்பட்டு, அப்படித்தான் அது வருகிறது.

முன்பெல்லாம் சிறு சிறு வேலைகளைப் புதியவர்களிடம் கொடுப்பார்கள். அவர்கள் தவறு செய்வார்கள்; மூத்தவர் திருத்துவார். அதுவே அவர்களுக்குத் துருத்தி ஊதும் காலம். அந்தச் சிறு வேலைகளை இப்பொழுது கருவியே செய்துவிடுகிறது. துருத்தி ஊதாமல் நேரே சம்மட்டிக்கு வா என்று பையனிடம் சொல்லுகிறோம். ஆகையால், வேலையிடத்தில் தானாகக் கிடைத்து வந்த கைப்பழக்கத்தை இனிமேல் வேண்டுமென்றே ஏற்பாடு செய்து கொடுத்தாக வேண்டும்.

ஏற்பாடு செய்வது எப்படி என்பதற்கு உலகத்தில் நல்ல முன்மாதிரிகள் இல்லாமற் போகவில்லை. 2009 ஜனவரியில் அமெரிக்காவின் ஒஹையோ ராஜ்யத்தில் சில நிரலர்கள் கூடி ஒரு முறையை ஆரம்பித்தார்கள். ‘கோட் ரிட்ரீட்’ என்று அதற்குப் பெயர். ஒரு நாள் முழுவதும் ஒரே ஒரு சிறு கணக்கு. இருவர் இருவராக உட்கார்ந்து 45 நிமிஷம் அதை எழுத வேண்டும். மணி அடித்ததும், எழுதியதை அழித்துவிட வேண்டும்! பிறகு வேறொரு ஜோடியுடன் சேர்ந்து, அதே கணக்கை முதலிலிருந்து எழுத வேண்டும். இப்படி ஐந்தாறு முறை. எழுதியதை அழிப்பதா என்று கேட்பவர்கள், கோலம் போடக் கற்ற நம் வீட்டுப் பெண்களைக் கேட்கட்டும். நாளைக்கும் வாசல் இருக்கிறது. கை பழகியதுதான் மிச்சம். வேலையை முடிக்க வேண்டும் என்ற அவசரம் நீங்கினால்தான் நன்றாகச் செய்ய வேண்டும் என்ற சிரத்தை பிறக்கிறது என்பது இந்த முறையின் சூட்சுமம்.

இன்னொன்று 1998-ல் கிரெக் வில்சன், பிரென்ட் கோர்டா என்னும் இருவர் தொடங்கிய ‘சாப்ட்வேர் கார்ப்பென்ட்ரி’. பெயரிலேயே தச்சு இருக்கிறது. அது விஞ்ஞான ஆராய்ச்சியாளர்களுக்காக ஏற்பட்டதாயினும், அதன் முறை எவருக்கும் பொருந்தும். ஆசிரியர் திரையில் படம் காட்டிப் பேசுவதில்லை. எல்லோர் கண்ணெதிரிலும் தாமே ஒவ்வொரு வரியாக எழுதுகிறார். மாணவர்களும் கூடவே எழுதுகிறார்கள். ஒவ்வொருவரிடமும் இரண்டு நிறக் காகிதத் துண்டுகள். வேலை சரியாக நடந்தால் ஒரு நிறத்தைக் கணினியின்மேல் ஒட்ட வேண்டும். சிக்கிக்கொண்டால் மற்றொரு நிறம். உதவியாளர்கள் சுற்றி வந்து, சிக்கிக்கொண்டவரின் அருகில் போய் நிற்பார்கள். எழுந்து நின்று “எனக்குப் புரியவில்லை” என்று நாலு பேர் முன்னிலையில் சொல்லக் கூசுகிறவர்கள் நம் நாட்டில் எத்தனை பேர்! நாலணாக் காகிதம் அந்தக் கூச்சத்தைத் தீர்த்துவிடுகிறது. அவர்களுடைய பாடங்கள் எல்லாம் யாரும் எடுத்து ஆளலாம் என்று பொதுவில் விடப்பட்டிருக்கின்றன.

இவை வெளிநாட்டுச் சரக்கு என்று முகஞ் சுளிப்பவர்களுக்கு, நம் தேசத்துச் சரித்திரத்தையே நினைவூட்டலாம். 1963-ல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 என்ற கணினி வந்து சேர்ந்தது. அக்காலத்தில் கணினி என்றால் ஒரு சன்னிதானம். அட்டைகளைத் துளையிட்டு வாயிலில் கொடுத்துவிட்டு, பிரசாதம் வரும்வரை வெளியே நிற்க வேண்டும் என்பதே எங்கும் வழக்கம். கான்பூரிலோ கற்க வந்தவர்களைக் கருவியின் அருகிலேயே விட்டார்கள். தேசத்தின் பல பாகங்களிலிருந்தும் வந்த விஞ்ஞானிகளுக்கும் எஞ்ஜினியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பத்து நாள் வகுப்புகள் நடத்தினார்கள். அவர்கள் தாங்களே நிரல் எழுதி, தாங்களே ஓட்டி, தங்கள் தவறுகளைத் தாங்களே கண்டார்கள். அங்கே பாடம் சொன்னவர்களில் ஒருவர், ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. ராஜாராமன். வகுப்பு அனுபவத்திலிருந்து பிறந்த அவருடைய நிரலாக்கப் புத்தகங்கள் மலிவு விலையில் வெளிவந்து, ஒரு தலைமுறைக்கே கணினியைக் கற்பித்தன. இன்று இந்தியா மென்பொருள் ஏற்றுமதியில் அடைந்திருக்கும் கீர்த்திக்கு வித்திட்டவற்றுள் அந்தப் பத்து நாள் வகுப்புகளும் சேர்ந்தவை.

கான்பூர் வரை போவானேன்? புதுக்கோட்டைக்கே வருவோம். இது தொழிற்சாலைகள் மிகுந்த ஜில்லா அன்று. கண்மாய்களை நம்பிய வானம் பார்த்த பூமி. 1948 மார்ச் 3-ந் தேதி இந்திய யூனியனுடன் இணையும் வரை தொண்டைமான்களின் சமஸ்தானமாக இருந்து, பிறகு திருச்சி ஜில்லாவில் சேர்ந்து, 1974 ஜனவரியில் தனி ஜில்லா ஆயிற்று. ஆயினும், பெருங்கூட்டத்துக்குக் கைப்பழக்கம் கற்பித்த விஷயத்தில் இந்தியாவுக்கே வழிகாட்டிய பெருமை இந்த ஜில்லாவுக்கு உண்டு. 1991-ல் இங்கே அறிவொளி இயக்கம் எழுந்தது. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் பெண்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தார். கிராமத்துப் பெண் சைக்கிள் ஏறுவதா என்று ஏளனம் செய்தவர்கள் அநேகர். இயக்கத்தினர் சைக்கிளின் நன்மைகள் பற்றிக் கருத்தரங்கு நடத்தவில்லை. மைதானத்தில் சைக்கிளைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள, முன்னால் ஒருவர் ஏறினார். விழுந்தார், எழுந்தார், மறுபடி ஏறினார். பெண்களுக்கான சைக்கிள் போதவில்லை. ஆண்கள் சைக்கிளிலேயே பழகினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பதால் அதுவே மேல் என்று சொன்னவர்களும் உண்டு.

அந்த இயக்கம் பெருகியதற்கு முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. அதை நன்றாகக் கவனிக்க வேண்டும். கற்றுக்கொண்டவளே கற்பிப்பவள் ஆனாள். கீழக்குறிச்சி முதலிய கிராமங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த முகாம்களில் பிறருக்குப் பழக்கிவிட்டவர்கள், சில வாரங்களுக்கு முன்னர் தாங்களே தடுமாறிக்கொண்டிருந்தவர்கள். வெளியூரிலிருந்து நிபுணர் வர வேண்டும், அவருக்கு ரெயில் சார்ஜு கொடுக்க வேண்டும், மேடை போட வேண்டும் என்று காத்திருந்தால் ஜில்லா முழுவதும் நூறு பேர்கூடப் பழகியிருக்க மாட்டார்கள். பழகியவர்களோ லட்சத்துக்கும் மேல். சர்வதேச மகளிர் வாரத்தை ஒட்டி 1992-ல் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகரத்தையே நிறைத்துவிட்டார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் பாடப் புத்தகங்களில் வாசிக்கப்பட்டு வருகிறது. அதே வருஷம் ஆகஸ்ட் மாதத்தில் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற ஜில்லா என்று பிரகடனம் செய்யப்பட்டது.

சைக்கிளுக்கும் கணினிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். இந்த ஊராரே அந்தச் சம்பந்தத்தைக் காட்டியிருக்கிறார்கள். இங்குள்ள கணினித் தமிழ்ச் சங்கத்தார், பெரும்பாலும் பள்ளிக்கூட ஆசிரியர்கள், தமிழில் தட்டச்சு செய்யவும் வலைப்பதிவு எழுதவும் ஒருவருக்கொருவர் கணினியின் முன் அமர்ந்து கற்பித்துக்கொண்டார்கள். அதன் பலனாக, 2015 அக்டோபர் 11-ந் தேதி தமிழ் வலைப்பதிவர் திருவிழாவைச் சென்னையோ மதுரையோ அல்லாமல் புதுக்கோட்டை நடத்திக் காட்டிற்று. வலைப்பதிவு எழுதுவது வேறு, மென்பொருள் எழுதுவது வேறு என்பது உண்மைதான். ஆனால் முறை ஒன்றே.

இனி ஆக்ஷேபணைகளுக்கு வருவோம். முதலாவது, “எல்லாப் பாடமும் இன்டர்நெட்டில் படமாகவும் எழுத்தாகவும் இலவசமாகக் கிடக்கிறதே, ஓரிடத்தில் கூட வேண்டியது ஏன்?” என்பது. இப்படிக் கேட்பவர்கள் ஒரு தடவை குடுமியான்மலைக்குப் போய்விட்டு வர வேண்டும். புதுக்கோட்டையிலிருந்து அதிக தூரமில்லை. அங்கே மலைப்பாறையில் இசைக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. எழுத்தமைதியைக் கொண்டு ஏழாம் நூற்றாண்டை ஒட்டியது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். ஏழு பிரிவுகளில், நான்கு நான்கு ஸ்வரங்களாகக் கோத்து, ருத்ராசாரியாருடைய சீடரான ஓர் அரசர் மாணாக்கர்களின் நன்மைக்காக இயற்றியது என்று கல்வெட்டே சொல்லுகிறது. அதாவது அது ஒரு பயிற்சிப் பாடம். ஓலை மக்கிப் போகும் என்று கல்லிலேயே வெட்டிவிட்டார் அந்தப் புண்ணியவான். ஆயிரத்து முந்நூறு வருஷம் ஆகியும் ஓர் எழுத்துக்கூட அழியாமல் காப்பாற்ற எண்ணிய அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு, அன்று அது எப்படி வாசிக்கப்பட்டது, எப்படிப் பாடப்பட்டது என்று பண்டிதர்கள் இன்றைக்கும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். பாடம் நிலைத்தது, பக்கத்தில் உட்கார்ந்து “இப்படி மீட்டு” என்று சொல்லும் ஆள் போய்விட்டார்.

இரண்டாவது ஆக்ஷேபணை பாஷையைப் பற்றியது. தொழில் முழுவதும் இங்கிலீஷில் நடக்கும்போது தமிழில் பயிற்சியா என்பார்கள். நிரலில் வரும் சொற்கள் இங்கிலீஷாகவே இருக்கட்டும்; அதைப் பற்றி நமக்கு விரோதமில்லை. ஆனால் தான் ஏன் தவறினோம் என்பதை ஒருவன் எந்தப் பாஷையில் யோசிக்கிறானோ, அந்தப் பாஷையில் பேச இடம் கொடுக்காவிட்டால் அவன் வாயைத் திறக்க மாட்டான். சென்னையிலும் பெங்களூரிலும் பெரிய ஹோட்டல் மண்டபங்களில் ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு நடக்கும் கூட்டங்களில், ஆலங்குடியிலிருந்தும் அறந்தாங்கியிலிருந்தும் போன நம் பிள்ளைகள் பின்வரிசையில் மௌனமாக அமர்ந்திருப்பது அறிவுக் குறைவினால் அன்று. தமிழில் இதைச் செய்ய முடியும் என்பதை நிரூபித்தவர்களும் இருக்கிறார்கள். 2012 ஜனவரியில் தொடங்கிய ‘கணியம்’ என்ற மின்னிதழைச் சேர்ந்தவர்கள் மென்பொருள் நுட்பங்களை எளிய தமிழில் எழுதியும் கற்பித்தும் வருகிறார்கள். விழுப்புரத்தில் கட்டற்ற மென்பொருள் அன்பர்கள் ஒரு குழுவாகக் கூடி, கிராமத்து இளைஞர்களுக்குக் காசு வாங்காமல் பயிற்சி அளிக்கிறார்கள். விழுப்புரத்தால் முடிந்தது புதுக்கோட்டையால் முடியாதா?

கற்பிப்பதற்கு அநுபவசாலிகள் வேண்டுமே என்பது மூன்றாவது. இதுதான் மிகவும் பலவீனமான ஆக்ஷேபணை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, சென்னை, பெங்களூர், ஹைதராபாத் கம்பெனிகளின் வேலையைத் தங்கள் கிராமத்துத் திண்ணையிலிருந்தே செய்தவர்கள் ஜில்லாவில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது அந்தந்த ஊராருக்குத் தெரியும். அவர்களில் பலர் திரும்பிப் போய்விட்டார்கள். ஆனால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் வராமல் இருப்பதில்லை. வருகிறவர்களைப் பிடித்து மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்துகிறோம். அதற்குப் பதிலாக, “அண்ணே, உங்கள் கம்பெனியில் போன மாதம் எந்த இடத்தில் சிக்கிக்கொண்டீர்கள்? ரகசியத்தை விட்டுவிட்டு, அந்தச் சிக்கலை மட்டும் எங்களுக்கு அவிழ்க்கக் கொடுங்கள்” என்று கேட்டால் மறுக்கிறவர் இருக்க மாட்டார்.

சர்க்கார் செய்ய வேண்டியதும் உண்டு. விவசாயிக்குப் புதிய முறைகளைச் செய்து காட்டிக் கற்பிப்பதற்காக 1974-ல் புதுச்சேரியில் முதல் வேளாண் அறிவியல் நிலையம் ஏற்பட்டது. இன்று தேசமெங்கும் அத்தகைய நிலையங்கள் எழுநூறுக்கு மேல் இருக்கின்றன. புதுக்கோட்டை ஜில்லாவில் வம்பனில் ஒன்று இருக்கிறது. ‘செய்து கற்றல்’ என்பதே அவற்றின் அடிப்படைக் கொள்கை. உளுந்து விதைக்கிறவருக்கு ஜில்லாதோறும் இப்படி ஓர் இடம் வேண்டும் என்று ஐம்பது வருஷத்துக்கு முன்பே உணர்ந்த தேசம், நிரல் எழுதுகிறவருக்கு ஓர் அறைகூட ஒதுக்க நினைக்காதது விந்தையே. திருச்சி நாவல்பட்டில் எல்காட் பூங்கா இருக்கிறது; தஞ்சாவூரில் 2024 செப்டம்பர் 23-ந் தேதி சிறிய டைடல் பூங்கா திறக்கப்பட்டது. இரண்டும் புதுக்கோட்டையிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரப் பிரயாணம். கட்டிடங்களைத் திறந்து வைப்பதில் நம் மந்திரிகளுக்கு இருக்கும் உற்சாகத்தில் பத்தில் ஒரு பங்கு, அந்தக் கட்டிடங்களுக்குள் வேலை செய்யப்போகிறவர்களின் கைத்திறமையிலும் இருக்க வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது.

ஆனால் சர்க்காரை மாத்திரம் நம்பி இருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. தேசத் தொண்டிலும் கட்சிப் பணியிலும் தொழிற்சங்க வேலையிலும் ஈடுபட்டிருக்கும் அன்பர்களுக்கே இதை முக்கியமாகக் கூற விரும்புகிறோம். ஆள்குறைப்பு நடக்கும்போது கண்டனத் தீர்மானம் போடுகிறீர்கள், அது அவசியம்தான். வேலை போனவனுக்கு நஷ்டஈடு வாங்கிக் கொடுப்பதும் அவசியம்தான். அவன் மறுபடி தலைநிமிர்ந்து ஒரு வாயிலில் போய் நிற்பதற்கு வேண்டிய கைத்திறமையைக் கொடுப்பது உங்கள் வேலையல்லவா? 1937 அக்டோபரில் வார்தாவில் கல்வி மகாநாட்டைக் கூட்டி, கையின் வழியாகவே அறிவைப் புகட்ட வேண்டும் என்று மகாத்மா காந்தி சொன்னபோது, படித்தவர்கள் பலர் சிரித்தார்கள். ராட்டையைப் பற்றிப் பேசியவர்கள் எல்லோரும் நூற்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததையும் பரிகாசம் செய்தார்கள். டிஜிட்டல் பொருளாதாரம் என்று மேடைதோறும் முழங்கும் இன்றைய தலைவர்களுக்கு அப்படி ஒரு பரீட்சை வைத்தால் எத்தனை பேர் தேறுவார்கள் என்பதை வாசகர்களின் கற்பனைக்கே விட்டுவிடுகிறோம்.

காரியமாக ஒன்று சொல்லுகிறோம். மன்னர் கல்லூரி முதலாக ஜில்லாவில் உள்ள கல்லூரிகளில் ஏதேனும் ஒன்று, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் கணினிக் கூடத்தைத் திறந்துவிடட்டும். முதல் முகாமுக்கு முப்பது பேர் போதும். வேலையில் இருப்பவர்கள், வேலை இழந்தவர்கள், வேலை தேடுகிறவர்கள் என்று கலந்து இருக்கலாம். ஆனால் ஏற்கெனவே ஒரு நிரலாவது எழுதியவர்களாக இருக்க வேண்டும். ஆறு பேருக்கு ஒருவராக ஐந்து உதவியாளர்கள். வரவேற்புரை கிடையாது, பொன்னாடை கிடையாது. சான்றிதழும் கொடுக்கக் கூடாது. அது கிடையாது என்று தெரிந்தால் வர வேண்டியவர்கள் மட்டுமே வருவார்கள். காலை ஒன்பது மணிக்கு, கருவி எழுதித் தந்த நகைக் கடன் நிரலை எல்லோரிடமும் கொடுத்து, அதில் மூன்று தவறுகள் இருக்கின்றன என்று மட்டும் சொல்ல வேண்டும். ஜோடி மாற்றி, ஜோடி மாற்றி மாலை வரை தேடட்டும். கருவியின் உதவியையும் வேண்டியவர்கள் வைத்துக்கொள்ளலாம். அது எங்கே உதவுகிறது, எங்கே ஏமாற்றுகிறது என்பதும் அன்றைய பாடத்தில் ஒரு பகுதிதான். முதல் முகாமில் நன்றாகத் தேறிய ஐந்து பேரே இரண்டாவது முகாமின் உதவியாளர்கள்.

செலவு என்று பார்த்தால் மின்சாரம், இரண்டு நிறக் காகிதம், முப்பத்தைந்து பேருக்குச் சாம்பார் சாதம். அதற்கும் வழியில்லை என்று எந்தக் கல்லூரியாவது கூறுமானால், சென்ற வருஷம் நடத்திய விழாக்களில் மாலைக்கும் சால்வைக்கும் செலவான தொகையை அதன் நிர்வாகிகள் ஒரு தடவை கூட்டிப் பார்க்கலாம்.